ஒரு ஆள், ஒரு மணி நேரம்

'பெர் மேன் அவர் டென்சிட்டி' என்று ஓர் அளவு இருக்கிறது. கொசு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். அந்தி சாய்ந்ததும் மாட்டுக் கொட்டகைக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள புதர்களிலும் உட்கார்ந்திருக்கும் கொசுக்களை ஒரு ஆள் ஒரு மணி நேரம் தேடிப் பிடித்தால் எத்தனை கிடைக்கும்? அதுதான் கணக்கு. ஒரு டார்ச் லைட், ஒரு கண்ணாடிக் குழாய், அதோடு பொருத்திய ரப்பர் குழாய். ரப்பர் முனையை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சினால் கொசு கண்ணாடிக்குள் வந்து விழும். கொசு தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க நடுவில் ஒரு துண்டு வலைத்துணி. அவ்வளவுதான் கருவி.

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்தேன். வெப்பத்தை டிகிரியில் அளக்கிறோம், நிலத்தைக் காணியிலோ ஏக்கரிலோ அளக்கிறோம். இங்கே மனித உழைப்பே அளவுகோலாகிவிட்டது. ஆனால் அந்த 'மேன்' யார் என்று எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இருக்காது.

நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் மூளைக்காய்ச்சல். கடலூர் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் அந்நியமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது, 'சுரம் வந்து ஜன்னி கண்டுடுச்சு, பாண்டிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க' என்று யாரோ ஒரு குழந்தையைப் பற்றிப் பேச்சு வரும். பாண்டி என்றால் ஜிப்மர். டாக்டர்கள் இதை ஜாப்பனீஸ் என்செஃபலைடிஸ் என்கிறார்கள். இந்த வைரஸ் கொக்கு, நாரை மாதிரியான நீர்ப்பறவைகளில் தங்கி, பன்றிகளில் பெருகி, வயல்நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு வழியாகக் குழந்தைக்கு வருகிறது. தொற்று ஏற்படும் இருநூற்றைம்பது பேரில் சுமார் ஒருவருக்குத்தான் நோய் முற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் இருபது முதல் முப்பது சதவீதம் பேருக்கு வலிப்போ, பேச்சு இழப்போ, கை கால் முடக்கமோ வாழ்நாள் முழுக்க இருக்கும்.

இந்த நோய் நம் ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடித்த கதை ஒரு வகையில் பணத்தின் கதை. 1911-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு 'இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கியது. பெயரைப் பாருங்கள், நிதிச் சங்கம். யார் எதை ஆராயலாம், எவ்வளவு பணத்தில் ஆராயலாம் என்று முடிவு செய்வதுதான் அதன் முதல் வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் அதுவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஐசிஎம்ஆர், ஆனது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1952-இல், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையோடு சேர்ந்து புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. உலகின் வெப்பமண்டலங்களில் பூச்சிகள் பரப்பும் வைரஸ்களையெல்லாம் பட்டியலிட்டுவிட வேண்டும் என்பது அன்றைய ராக்ஃபெல்லரின் பெரிய ஆசை. எண்ணெய் விற்ற காசு எங்கெல்லாம் போகிறது என்று தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் எடுத்த ரத்தச் சோதனைகளிலேயே இந்த வைரஸின் தடயம் இந்தியர்களிடம் தெரிந்தது. ஆனால் நோயாளி? 1955-இல் வேலூரில் கிடைத்தார்கள். வடாற்காட்டுக் குழந்தைகள். வெப், பெரேரா என்ற இரண்டு மருத்துவர்கள் 1956-இல் அதைப் பதிவு செய்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: புனேயில் ஆய்வகம் இருந்ததால் மட்டும் நோய் அகப்படவில்லை. வலிப்போடு வந்த குழந்தையின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து, ரத்தம் எடுத்து, குறிப்பெழுதி, கெடாமல் அனுப்பத் தெரிந்த ஒரு வார்டு இந்தப் பக்கம் இருந்தது.

முதுகில் ஊசி போடுவது என்றால் நம் ஊரில் இன்றைக்கும் பயம்தான். 'காலு விளங்காமப் போயிடும்' என்பார்கள். குழந்தையை வளைத்துப் பிடித்துக்கொள்வது நர்ஸ். வெளியே அழுகிற அம்மாவுக்குப் புரிய வைப்பதும் பெரும்பாலும் அவர்தான். பழைய சோதனை முறையில் இரண்டு முறை ரத்தம் வேண்டும், நோய் தொடங்கும்போது ஒன்று, சில வாரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால்தான் உறுதி. அதற்குள் குழந்தை இறந்திருக்கும், அல்லது வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். எத்தனையோ குழந்தைகள் இப்படித்தான் பெயர் தெரியாத காய்ச்சலில் போனார்கள். ஒரே மாதிரியில் ஐஜிஎம் எதிர்ப்பொருளைக் காட்டும் எலைசா சோதனை வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

1970களில் மேற்கு வங்கம், பிறகு உத்தரப்பிரதேசம் என்று நோய் பெரிதாக வெடித்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தென்னாற்காடு. கடலூர், விழுப்புரம் என்று 1993-இல் பிரிவதற்கு முன் இருந்த அந்தப் பெரிய மாவட்டம். 1985-இல் மதுரையில் ஐசிஎம்ஆரின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் வந்தது. அதன் களநிலையம் ஒன்று விருத்தாசலத்தில் இருந்தது. ரேச்சல் ரூபன், கஜனானா, தென்மொழி, பிலிப் சாமுவேல் ஆகியோரின் பெயர்களில் வந்த கட்டுரைகளைப் படித்தால் நம் ஊர் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்து, காய்ச்சலே வராத எத்தனையோ பிள்ளைகளுக்கும் வைரஸ் வந்து போயிருக்கிறது என்று காட்டினார்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் கொசு பிடித்து, எந்த மாதத்தில் எத்தனை, அதில் எத்தனைக்குள் வைரஸ் என்று கணக்கெடுத்தார்கள். 1997-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்களும் கூட்டு.

கொசுவுக்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்த முறைதான் அழகு. டாக்ஸோரிங்கைட்டிஸ் என்று பெரிய சைஸ் கொசு ஒன்று உண்டு. அது ரத்தம் குடிக்காது, அதனால் ஆய்வகத்தில் வைத்து வளர்த்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை. பிடித்த கொசுக்களை அரைத்து, அந்தச் சாற்றை இதற்குள் செலுத்தி, வைரஸ் பெருகுகிறதா என்று ஒளிரும் சாயம் வைத்துப் பார்ப்பார்கள். கொசுவைக் கொண்டே கொசுவைச் சோதிப்பது!

இன்னொரு கண்டுபிடிப்பு என்னை ரொம்ப நாள் குடைந்தது. நெல் வயல் அதிகம் இருந்தால் நோயும் அதிகம் இருக்க வேண்டும், இல்லையா? அப்படியானால் தஞ்சாவூர்தான் முதலிடத்தில் இருக்க வேண்டும். இல்லை. 2000-இல் வந்த ஓர் ஆய்வு, தஞ்சைக் கிராமக் குழந்தைகளிடம் தொற்று குறைவு என்றது. அங்கே பன்றிகளோடு ஒப்பிட்டால் மாடுகள் மிக அதிகம். இந்தக் கொசுவுக்கு மாட்டு ரத்தம்தான் பிரியம், மாட்டின் உடலில் வைரஸ் பெருகாது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. சிதம்பரத்துக்காரர்கள் ஆற்றைத் தாண்டினால் சாம்பார் மாறும் என்பார்கள், இது அதைவிடப் பெரிய மாற்றம்.

இதே ஆய்வாளர்கள் வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவை வயலில் போட்டு, தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழு குறைகிறது என்றும் காட்டினார்கள். வெறும் யூரியா புழுவைப் பெருக்கியது. விவசாயிக்கும் நஷ்டமில்லாத யோசனை. ஆனால் ஆராய்ச்சிப் பணம் ஒரு வழியைக் கண்டுபிடிக்கும் வரைதான் வரும். அதை ஊரெல்லாம் செய்ய வைப்பதற்கு வேறு பணம் வேண்டும், வேறு துறை வேண்டும்.

அந்த 'வேறு பணம்' இதே மாவட்டத்துக்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. எண்பதுகளில் டென்மார்க் அரசின் டானிடா நிதியில் சேலத்திலும் தென்னாற்காட்டிலும் சுகாதாரத் திட்டம் நடந்தது. துணை சுகாதார நிலையங்கள், கிராம சுகாதார செவிலியர்கள், அவர்களுக்கான பயிற்சி. 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்கள் நர்ஸ் பயிற்சிக்காகத் திரும்பி வந்தது வரலாற்றின் குறும்பு. என் பெரியம்மா இந்த மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் 'டானிடா' என்பது ஒரு நாட்டின் அமைப்பு இல்லை, ஒரு காலம். 'அது டானிடா ட்ரெய்னிங் அப்போ' என்பார், நாம் 'சுனாமி அப்போ' என்பதுபோல.

"அங்க போய் என்ன பெரியம்மா கத்துக்கிட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கத்துக்கிட்டது இருக்கட்டும். நாலு நாள் நாற்காலியில உக்கார வெச்சு, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாங்க. சர்வீஸ்ல அதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல."

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்ததும் டென்மார்க் இந்தியாவுக்கான புதிய உதவிகளை நிறுத்தியது. 2003-இல் இந்தியாவே, சிறிய நாடுகளிடம் அரசு நேரடியாக உதவி வாங்காது என்று அறிவித்தது. கௌரவமான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்து நர்ஸின் பயிற்சி வகுப்புக்கும் ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் இடையே ஒரு நூல் ஓடுவதை டெல்லியில் யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

சிதம்பரத்துக்கு வருவோம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கியது, மதுரை மையம் தொடங்கிய அதே ஆண்டு. 2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆனாலும் மருத்துவ மாணவர்கள் மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய அவர்கள் போராட்டத்துக்குப் பிறகு, 2021 ஜனவரியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி ஆணை வந்தது. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி.

இங்கே படிக்கும் ஒருவர் இளநிலையிலேயே ஐசிஎம்ஆரின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், 1979-இலிருந்து இருக்கும் திட்டம் அது. இரண்டு மாதம், ஒரு வழிகாட்டி, ஒரு சின்னக் கேள்வி. நல்ல திட்டம். எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கானது. வார்டில் குழந்தையை வளைத்துப் பிடிக்கும் நர்ஸுக்கும், மாதிரியில் லேபிள் ஒட்டும் லேப் டெக்னீஷியனுக்கும் கேள்விகள் இருக்காதா? எந்தக் கிராமத்திலிருந்து குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று பேராசிரியரைவிட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பயிற்சி முகாமும் சான்றிதழும், பதிவைப் புதுப்பிக்கக் கணக்கு வைக்கும் மணி நேரங்களும்தான்.

2006-இல் நாட்டில் தடுப்பூசி முகாம்கள் தொடங்கின, பிறகு கடலூருக்கும் ஊசி வந்தது. பெரியம்மா தன் கடைசி சர்வீஸ் ஆண்டுகளில் இந்த ஊசியையும் போட்டிருக்கிறார். விருத்தாசலத்துக் கொசுக் கணக்கைப் பற்றி நான் சொன்னபோது அவருக்கு அது தெரிந்தே இருந்தது. "அந்தப் பசங்கள எனக்குத் தெரியுமே. சாயங்காலம் டார்ச்சோட வருவாங்க, மாட்டுக் கொட்டகையில நின்னு உறிஞ்சுவாங்க. கொசு புடிக்கிறவங்கன்னு ஊர்ல சிரிப்பாங்க. ஒருத்தனுக்கு நான்தான் சுரத்துக்கு மாத்திரை குடுத்தேன்," என்றார். என்ன சுரம் என்று கேட்டேன். அதை யாரும் சோதிக்கவில்லையாம்.