மீசையிலே இருந்தது சிரிப்பு



பழைய படத்தை மறுபடி எடுத்தாலே உருப்படாதுன்னு எதிரணி நண்பர் பேசினார். நான் ஒத்துக்க மாட்டேன். ஏங்க, 1981-லே வந்த நம்ம ‘தில்லு முல்லு’வே 1979-லே வந்த ‘கோல் மால்’ என்ற இந்திப் படத்தின் கதைதானே! பாலச்சந்தரும் வசனம் எழுதிய விசுவும் அதை நம்ம வீட்டுக் கதையா ஆக்கினாங்க.

அந்தக் கதை எதிலே நிக்குது? ஒரு மீசையிலே! மீசை வச்சவன்தான் யோக்கியன்னு நம்புற முதலாளி, தேங்காய் சீனிவாசன். ஃபுட்பால் மேட்ச்சிலே அவர் கண்ணிலே பட்டுட்ட ரஜினி, அது மீசை இல்லாத என் தம்பின்னு ஒரு பொய் சொல்றார். பொய்யைக் காப்பாத்த மீசையையே எடுக்கிறார். ஒட்டு மீசை எப்ப விழுமோ, வேலை எப்ப போகுமோ! பயந்துக்கிட்டே சிரிச்சோம்.

2013-லே மறுபடி எடுத்தாங்க. சிவா, பிரகாஷ்ராஜ் நல்ல நடிகர்கள்தான். ஃபுட்பால் போய் கிரிக்கெட் வந்தது, சரி. மீசை போய் பூனைக்கண் வந்தது! அதிலே நமக்கு என்னங்க பயம்? பயம் இல்லே, எனக்குச் சிரிப்பும் வரலே.

மீசையை எடுத்த ரஜினி ஜெயிச்சார். கதையிலேருந்தே மீசையை எடுத்தவங்க தோத்தாங்க. ஆக, படத்தை மறுபடி எடுத்தது தப்பில்லே. எடுக்கக் கூடாததை எடுத்ததுதான் தப்பு!