யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளும் முதலிட்டவர்களும்

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவர் சொன்னார்: "தம்பி, ஆசிரியர் ஆரெண்டு எல்லாரும் பாப்பினம். கடதாசிக்குக் காசு குடுக்கிறது ஆரெண்டு நீர் பாரும்." குடாநாட்டின் பத்திரிகை வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் அவருடைய சொல்லே எனக்கு வழிகாட்டி.

1841இல் உதயதாரகையை அமெரிக்க மிஷனரிமார் நடத்தினர். 1889இல் இந்து சாதனத்தைச் சைவ பரிபாலன சபை தொடங்கியது. இரண்டுக்கும் பின்னால் நின்றது சமயம். தனி மனிதரின் உழைப்பில் எழுந்தது ஈழகேசரி. குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் அதைத் தொடங்கினார். சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகம் நடத்திய அவர், கணேசையரின் உரைக்குறிப்புகளோடு தொல்காப்பியத்தையும் பதிப்பித்தார். அவருடைய கொடை தமிழுக்குச் சென்றது.

அக்காலத்தில் தமிழ்த் தினசரிகள் கொழும்பிலிருந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்துச் செய்தியை யாழ்ப்பாணத்திலேயே அச்சிட வேண்டுமென்று தொழிலதிபர் கே.சி. தங்கராஜாவும் சகோதரர் டாக்டர் கே.சி. சண்முகரத்தினமும் 1959இல் ஈழநாட்டை ஆரம்பித்தனர். 1961இல் அது நாளேடாகியது. 1981 ஜூன் தொடக்கத்தில், பொது நூலகம் எரிந்த அதே நாட்களில், ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. மக்களின் ஆதரவோடு அது மீண்டும் வெளிவந்தது.

1985இல் உதயன் பிறந்தது. நிதித்துறையில் ஈடுபட்டிருந்த ஈ. சரவணபவன் அதன் நிறுவனர். 2010இலும் 2015இலும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் அவர் நாடாளுமன்றம் சென்றார், 2020இல் தோல்வியுற்றார். முதலாளி வேட்பாளராகும்போது ஆசிரியபீடத்தின் நிலை எளிதன்று. அவரைப் புகழ்ந்தால் வாசகன் ஐயுறுவான். விமர்சித்தால் சம்பளம் ஐயத்துக்குள்ளாகும். எந்த நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் அதற்கு மேலும் ஒரு விலை இருந்தது. 2006 மே 2ஆம் திகதி, உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், உதயன் அலுவலகத்துள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். 2013 ஏப்ரலில் அதன் அச்சியந்திரம் எரிக்கப்பட்டது.

எரிந்த இயந்திரத்துக்குப் பதிலாகப் பணம் இன்னொன்றை வாங்கித் தரும். கொல்லப்பட்ட ஊழியர் மீளமாட்டார். முதலிட்டவர்களின் பெயர்களை வரலாறு பதிவு செய்துள்ளது. அது அவர்களுக்கு உரிய மரியாதை. இரவெல்லாம் எழுத்துக் கோத்தவர்களின், மெய்ப்புப் பார்த்தவர்களின், விடியலில் பத்திரிகைக் கட்டைச் சைக்கிளில் கட்டிச் சென்றவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? அந்த அச்சுக்கோப்பாளரின் பெயரையும் நான் அன்று கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.