மயக்க மருத்துவ நூல்களைப் பதிப்பித்தவர்கள்: எங்கிருந்து வந்தார்கள்?

பாத்திர வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு கைக்கு வந்ததும் முதலில் விலை கேட்க மாட்டோம். "எந்த ஊர்ச் சரக்கு?" என்றுதான் கேட்போம். கும்பகோணமா, மொரதாபாத்தா என்று தெரிந்துவிட்டால் அதன் கனத்தையும் வார்ப்பையும் பாதி ஊகித்துவிடலாம். ஐதராபாதில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் எனக்கு, புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் இந்தப் புத்தி போவதில்லை. எழுதியவர் யார், பதிப்பித்தவர் யார், அதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று தேடுவேன். நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். தேடிப் படித்ததைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை. "அய்யா, ஆடுற பல் ஏதாவது இருக்குங்களா? மாடி ஏறினா மூச்சு வாங்குதுங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நான், "தம்பி, நாளைக்கு என் மூச்சு உங்க கையில இருக்கப் போவுது. நீங்க படிச்ச புத்தகம் யார் எழுதினது?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இப்படி யாரும் கேட்டதில்லையாம். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாள், மறக்காமல் தன் ஆசிரியரிடமிருந்து வந்த பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆல்ஃப்ரெட் லீ என்பவரின் 'மயக்கவியல் சுருக்கம்'. அங்கே தொடங்கியது இந்தத் தேடல்.

நாள்வழிக் குறிப்பு எழுதிய டாக்டர்

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை நோயாளிக்குக் கொடுத்து, வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று எல்லார் முன்னும் காட்டினார். அடுத்த ஆண்டே லண்டனில் ஈதரைப் பற்றி நூல் எழுதியவர் ஜான் ஸ்நோ. 1813இல் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். சுரங்கத் தொழிலாளர்களிடையே காலரா பரவியபோது சிகிச்சைக்குப் போனார். பதினேழு வயதிலேயே புலால் உணவை விட்டவர் என்று படித்தபோது, சமண குலத்தில் பிறந்த எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்?

1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவரே. மயக்க மருந்து கொடுத்த நோயாளிகளைப் பற்றி, நாம் நாள்வழிக் கணக்கு எழுதுவதுபோல, 1848 முதல் 1858 வரை குறிப்பு எழுதி வைத்தார். குளோரோஃபார்மால் இறந்தவர்களின் விவரங்களையும் ஒவ்வொன்றாகத் திரட்டினார். லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாத பேரேடு பேரேடே அல்ல. 1854இல் லண்டன் காலராவுக்குத் தண்ணீர்க் குழாயே காரணம் என்று கண்டுபிடித்ததும் இப்படிக் கணக்குப் பார்த்துத்தான்.

'குளோரோஃபார்ம்' பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கி, 1858 ஜூனில் தம் 45ஆம் வயதில் காலமானார். அந்தக் கையெழுத்துப் பிரதியை அதே ஆண்டில் பதிப்பித்து, ஆசிரியர் வரலாறும் எழுதிச் சேர்த்தவர் அவர் நண்பர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன். இவரும் மருத்துவர்தான், சுகாதாரப் பத்திரிகை ஒன்றை ஏற்கெனவே நடத்தியவர், மயக்க மருந்துகளைத் தாமே ஆராய்ந்தவர். பொருளும் தெரிந்து அச்சும் தெரிந்த நண்பர் வாய்த்ததால் அந்த நூல் உருப்படியாக நம் கைக்கு வந்தது.

நம் ஊரில் நடந்த தவறு

முன் அனுபவம் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்ல முடியாது. அதற்குச் சாட்சி நம் ஐதராபாதிலேயே இருக்கிறது.

இங்கே மருத்துவப் பள்ளித் தலைவராக இருந்த எட்வர்ட் லாரி அறுவை மருத்துவர். எடின்பரோவில் சைம் என்ற பெரிய அறுவை நிபுணரிடம் பாடம் கேட்டவர். குளோரோஃபார்ம் கொடுக்கும்போது மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது சைமின் கொள்கை. குருவின் சொல்லை நிலைநாட்ட லாரி 1888இல் ஒரு குழு அமைத்தார். லண்டன் 'லான்செட்' பத்திரிகை அதை ஏற்கவில்லை. உடனே ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் ஆயிரம் பவுன் கொடுத்து, பத்திரிகையின் சார்பில் ஒரு நிபுணரை வரவழைத்தார். 1889இல் வந்தவர் லாடர் பிரண்டன், மருந்தியல் பாடநூல் எழுதிய பேரறிஞர். நாய், குரங்கு முதலிய நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்தச் சோதனையில் மாண்டன. படிக்கவே எனக்கு மனம் கூசிற்று. குளோரோஃபார்ம் நேராக இதயத்தைத் தாக்கிக் கொல்வதில்லை, மூச்சுதான் முதலில் நிற்கும் என்று முடிவு கட்டினார்கள். 1890இல் லான்செட்டில் அது அச்சேறியது.

மூச்சைக் கவனி என்றது சரியான பாடம். இதயத்தை மறந்துவிடலாம் என்றது தவறு. குளோரோஃபார்ம் குறைவாக இருக்கும் நேரத்திலும் இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுபோகக் கூடும் என்று 1911இல் நிறுவியவர் குட்மன் லெவி. இவர் அறுவை மருத்துவர் அல்லர். தாமே மயக்க மருந்து கொடுப்பவர். இருபது வருஷம் கழித்து வந்தது திருத்தம். அதற்குள் அச்சில் வந்ததை வேதவாக்காக நம்பியவர்கள் எத்தனை பேரோ! பாடம் சொல்பவரின் பூர்வ கதையை அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நிருபர் ஆசிரியரானார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயக்க மருந்து கொடுப்பது ஒரு தனித் தொழிலாகவே மதிக்கப்படவில்லை. பயிற்சி டாக்டரோ நர்ஸோ, யார் சும்மா இருக்கிறாரோ அவர் கையில் ஈதர் புட்டியைக் கொடுத்துவிடுவார்கள். இந்த நிலையை மாற்ற உழைத்தவர்களில் முதலில் சொல்லத்தக்கவர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஃபிரான்சிஸ் மெக்மெக்கன். 1879இல் பிறந்தவர். மருத்துவராகும் முன் பத்திரிகை நிருபர் வேலை பார்த்தவர். 1903இல் பட்டம் பெற்று மயக்க மருந்துத் தொழிலில் இறங்கினார். சில ஆண்டுகளிலேயே மூட்டுவாதம் கை கால்களை முடக்கிவிட்டது. நோயாளியிடம் போக முடியாமல் சக்கர நாற்காலியில் அமர்ந்தார்.

வேறொருவர் என்றால் அதோடு சரி. இவரோ பழைய தொழிலைத் தூசி தட்டி எடுத்தார். 1914இல் ஓர் அறுவை மருத்துவ இதழோடு மயக்கவியலுக்கென இணைப்பிதழ் தொடங்கினார். 1922இல் இத்துறைக்கு மட்டுமே உரிய தனி இதழை நிறுவி, 1939இல் இறக்கும்வரை ஆசிரியராக இருந்தார். மனைவி லாரெட் அம்மையார் கூடவே நின்று எல்லாவற்றையும் செய்தார். ஊர் ஊராகப் போய்ச் சங்கங்கள் கூட்டினார்கள். அந்த இதழ் இன்றும் 'மயக்கமும் வலிநீக்கமும்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் வருகிறது. அவர் மருந்து கொடுத்தது கொஞ்ச காலம். சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்துவைத்தது நிருபரின் பேனாதான்.

பல் டாக்டர்களுக்கு உதவியவரும் ஊர் டாக்டரும்

நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் மக்கின்டாஷ் முதல் உலகப் போரில் விமானி. 1917இல் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டவர். பிறகு லண்டனில் பல் மருத்துவர்களின் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பிழைப்பு நடத்தினார். சைக்கிள் பழுது பார்த்துத் தொடங்கி மோட்டார் கார் முதலாளியான நஃபீல்டு பிரபு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெரும் கொடை அளித்தபோது, மயக்கவியலுக்கும் பேராசிரியர் பதவி வேண்டும் என்றார். இதற்கெல்லாம் பேராசிரியரா என்று அங்கே தயங்கினார்கள். பிரபு விட்டுக்கொடுக்கவில்லை. 1937இல் மக்கின்டாஷ் அந்த நாற்காலியில் அமர்ந்தார். 1940இல் ஃப்ரீடா பிராட் என்ற பெண் மருத்துவருடன் அவர் எழுதிய பாடநூலில் பல் மருத்துவத்துக்குத் தனி இடம் இருந்தது. வந்த வழியை அவர் மறக்கவில்லை.

எனக்குக் கிடைத்த புத்தகத்தின் ஆல்ஃப்ரெட் லீ, இங்கிலாந்தின் சவுத்எண்ட் என்ற கடற்கரை ஊரில் சாதாரணக் குடும்ப டாக்டராக இருந்து இத்துறைக்கு வந்தவர். பெரிய கல்லூரிப் பேராசிரியர் அல்லர். 1947இல் வந்த அவர் நூல் பைக்குள் அடங்கும் அளவு. சுற்றி வளைக்காத வாக்கியங்கள். அவசரத்தில் புரட்டுகிறவனுக்கு என்ன வேண்டும் என்பது, ராத்திரியில் கதவு தட்டினால் எழுந்து போன டாக்டருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அது பல பதிப்புகள் கண்டு, பிறகு மற்றவர்கள் கைக்கு மாறித் தொடர்ந்தது. நம் நாட்டிலும் 1947இல் மயக்கவியலார் சங்கமும் 1953இல் அதன் இதழும் பிறந்தன.

இப்போது ஒருவரே எழுதும் காலம் போய், பலர் எழுத ஒருவர் தொகுக்கும் காலம். 1981இல் வந்த பெருநூலின் பதிப்பாசிரியர் ரொனால்டு மில்லர். வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படை மருத்துவராகத் தா நாங்கில் இருந்து, நிறைய ரத்தம் ஏற்றப்பட்ட வீரர்களுக்கு ஏன் ரத்தம் உறையாமல் போகிறது என்று ஆராய்ந்தவர். அவர் தொகுத்த நூலில் ரத்தம் ஏற்றுவது பற்றிய அத்தியாயத்தைத் தாமே எழுதினார். 1991 முதல் 2006 வரை மெக்மெக்கன் தொடங்கிய இதழுக்கும் அவரே ஆசிரியர்.

முடிவாக

கூலிக்காரர் மகன், நிருபர், விமானி, ஊர் டாக்டர், கடற்படை டாக்டர்: இவர்கள் யாரும் பதிப்பாசிரியராக வேண்டும் என்று கிளம்பியவர்கள் அல்லர். கைப்பட்ட வேலையில் கற்றதை நூலுக்குள் கொண்டுவந்தார்கள். தாம் கண்டதை எழுதியவர் நூல் நிலைத்தது. குரு சொன்னதை நிரூபிக்கப் புறப்பட்டவர் நூல் திருத்தத்துக்கு உள்ளாயிற்று. பட்டங்களின் வரிசையைவிட இந்த வேறுபாடே முக்கியம் என்பது என் துணிபு.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இதையெல்லாம் அந்த டாக்டர் பிள்ளையிடம் சொன்னேன். ஐதராபாத் குழுவின் கதையை அவர் கவனமாகக் கேட்டார். "அதனாலதாங்க அய்யா, இப்ப மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் மூணையும் விடாம பாக்கறோம்" என்றார். என் மூச்சையும் நாடியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட கைக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.