வாலிகண்டபுரத்து ஆப்கானியத் தலைவனும் அவன் மகனும்

கச்சிபௌலியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோல்கொண்டாக் கோட்டை அண்டை வீடு போன்றது. ஆனால் 1677ஆம் ஆண்டில் அங்கிருந்து புறப்பட்ட ஒரு படையெடுப்பு, தமிழகத்தின் நடுப்பகுதியில் ஓர் ஆப்கானியத் தலைவனின் ஆட்சியை முடித்துவைத்த வரலாற்றை நம்முள் பலர் அறிந்திலர். அத்தலைவன் பெயர் ஷேர் கான் லோடி. அவனையும் அவன் மகன் இப்ராகிம் கானையும் பற்றி இங்குச் சிறிது காண்போம்.

விஜயநகரப் பேரரசு தளர்ந்தபின், 17ஆம் நூற்றாண்டின் நடுவில், கோல்கொண்டாவும் பீஜப்பூரும் தமிழகத்தின் வடபகுதியைப் பங்கிட்டுக்கொண்டன. சென்னை வட்டாரம் கோல்கொண்டாவுக்கும், வேலூரும் செஞ்சியும் அவற்றின் தெற்கே உள்ள பகுதிகளும் பீஜப்பூருக்கும் உரியவாயின. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள வாலிகண்டபுரத்தில் அமர்ந்து, பீஜப்பூரின் பெயரால் ஆண்டவன் ஷேர் கான். செஞ்சியை ஆண்டவன் நாசிர் முகம்மது. பீஜப்பூர் அரசவையில் தக்கணத்தார்க்கும் பட்டாணியர்க்கும் மூண்டிருந்த பகை இங்கும் எதிரொலித்தது. ஒரே சுல்தானின் ஊழியர்களான இவ்விருவரும் ஒருவர் நிலத்தை மற்றவர் கவரவே நாள் பார்த்திருந்தனர்.

ஷேர் கான் தொலைநோக்கு இல்லாதவன் அல்லன். கடல்வழி வந்த பிரெஞ்சுக்காரர்க்கு 1673இல் புதுச்சேரியில் இடம் அளித்தவன் அவனே. மறு ஆண்டில் அங்கு வந்து தங்கிய பிரான்சுவா மார்த்தேனின் நட்பும் அவனுக்கு வாய்த்தது. 1676இல் நாசிர் முகம்மதுவின் வழுதாவூர்க் கோட்டையை வெல்லப் பிரெஞ்சு வீரர்கள் துணைநின்றனர். ஆனால் அண்டை வீட்டானை வெல்வதில் கண்ணாயிருந்தவர்கள், வடக்கே திரண்ட புயலைக் கண்டிலர்.

அந்தப் புயல் சிவாஜி. 1677இன் தொடக்கத்தில் கோல்கொண்டாவுக்கு வந்த சிவாஜி, அபுல் ஹசன் தானாஷாவோடு உடன்பாடு செய்து, பொருளும் பீரங்கிகளும் பெற்றுத் தெற்கே நடந்தார். அவ்வாண்டிலேயே செஞ்சி அவர் கைக்குள் வந்தது. அடுத்துக் கடலூருக்கு மேற்கே, அப்பர் பெருமானின் நினைவு கமழும் திருவதிகையின் அருகே ஷேர் கானின் படை சிதறியது. அவன் சிதம்பரத்தை அடுத்த புவனகிரிக்கு ஓடிப் புகலடைந்தான். ஜூலைத் திங்களில் பணிந்தான். நாட்டை விட்டுக்கொடுப்பதோடு 20,000 வராகனும் தருவதாக ஒப்புக்கொண்டான். அத்தொகைக்குப் பிணையாக மகன் இப்ராகிம் கானைச் சிவாஜியிடம் ஒப்படைத்தான்.

தந்தைக்குப்பின் நாடாள வேண்டிய மகன், தந்தையின் கடனுக்கு ஈடாகப் பகைவர் பாசறையில் இருக்கின்றான். தந்தைக்கோ நாடும் இல்லை, படையும் இல்லை. இந்நிலையில் பிள்ளையைக் கைவிட்டு உயிர் பிழைத்த ஆட்சியாளர் வரலாற்றில் பலர். ஷேர் கான் அவ்வாறு செய்தானல்லன். அரியலூர்க் காட்டுப்பகுதியில் புகலிடம் தேடி, பொருள் திரட்டி, 1678 பிப்ரவரியில் தொகையைச் செலுத்தி மகனை மீட்டான். இழந்த நாட்டை மீட்க அவனால் இயலவில்லை.

இதில் நாம் எண்ணத்தக்கது ஒன்று உண்டு. பட்டாணியனான ஷேர் கானுக்குத் தோல்விக் காலத்தில் புகலிடம் ஆனது தமிழ் மண்ணின் ஓர் உள்நாட்டுப் பாளையம். பீஜப்பூர் அவனைக் காக்க வரவில்லை. அந்த அரசோ தன்னையே காத்துக்கொள்ள இயலாமல் 1686இல் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. சிவாஜிக்குப் பொருள் தந்தும் வென்ற நிலத்தில் பங்கு பெறாத தானாஷாவும், மறு ஆண்டு இதே கோல்கொண்டாவில் சிறைப்பட்டு, தௌலதாபாத் கோட்டையில் கைதியாகவே உயிர்நீத்தான். குதுப்ஷாகி மன்னர்களின் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஷேர் கானின் செயல்களுள் நெடுநாள் நிலைத்தது புதுச்சேரிக் கொடை ஒன்றே. பிரெஞ்சுக்காரரின் ஆட்சி இடையிடையே அறுபட்டும் 1954 வரை அங்கு நீடித்தது. எனினும், ஊர்விட்டு ஊர் வந்து பிள்ளைகளுக்காகவே உழைக்கும் நமக்கு, அவன் அளித்த நிலத்தைவிட, அனைத்தையும் இழந்தபின் அவன் மீட்டுக்கொண்ட மகனே பெரிதாகத் தோன்றுகின்றான்.