அல்அஸ்ஹரைச் சூழ்ந்த வீதிகள்

கெய்ரோவின் அல்அஸ்ஹர் பள்ளிவாசல் 972ஆம் ஆண்டு, ஃபாத்திமியர் ஆட்சியில் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. விரைவிலேயே அது கல்விக்கூடமாகவும் வளர்ந்தது. தொலைநாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் எங்கே தங்கினர், எதை உண்டனர் என்று நோக்கினால் அவ்வளர்ச்சியின் அடிப்படை விளங்கும்.

அங்கே ‘ரிவாக்’ எனும் விடுதிப் பகுதிகள் இருந்தன. மக்ரிபியர், ஷாம் நாட்டார், துருக்கியர், யமனியர், ஜாவாவினர் எனப் பல நாட்டாருக்கும் தனித்தனி ரிவாக் உண்டு. செல்வந்தர்கள் கடைகளையும் நிலங்களையும் வக்ஃபு செய்தனர். அவ்வருவாயிலிருந்து மாணவருக்கு ரொட்டி வழங்கப்பட்டது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யமனியர் இரவு திக்ரில் விழித்திருக்கக் காப்பி அருந்தினர். கெய்ரோ காப்பியை அறிந்தது அவர்கள் வழியே என்பர். அது ஆகுமானதா என்று ஆலிம்கள் நெடுங்காலம் வாதிட்டனர். இன்றோ அருகிலுள்ள கான் அல்கலீலி கடைவீதியில் ஃபிஷாவி காப்பிக்கடை உலகறிந்தது. எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழ் அமர்ந்த இடம் அது. காலையில் நெடுநேரம் வேகவைத்த பயறான ‘ஃபூல்’ ரொட்டியுடன் கிடைக்கும். மாலையில் உலவ, பழைய குப்பைமேட்டைத் திருத்தி 2005இல் திறந்த அல்அஸ்ஹர் பூங்கா உண்டு.

ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலீ பாஷா வக்ஃபு நிலங்களில் பெரும்பகுதியை அரசின்கீழ்க் கொணர்ந்தார். அதன்பின் ஆலிம்கள் அரசின் கையை எதிர்நோக்க நேர்ந்தது. மாணவரின் ரொட்டியை யார் தருகிறாரோ, கல்வியின் கடிவாளமும் அவரிடமே சேர்கிறது.

நம் பிள்ளைகளும் கல்விக்காக வெளியூர் செல்கின்றனர். நம் ஜமாஅத்தின் வக்ஃபு வருவாயில் அவர்களின் உணவுக்கென ஒரு பங்கு உண்டா? பெரியோர் சிந்திக்க வேண்டும்.