அஞ்சு வருசம் எதுக்கு அம்மிணி?

பி.காம். படிக்கிறவனுக்கு உளவியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

அவிநாசியில் எங்கள் சித்தி வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ப்ளஸ் டூ முடித்த தங்கை உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள். அதுவும் இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே சேர்க்கையில் முடியும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. சித்தப்பா கேட்ட கேள்வி இது: "அஞ்சு வருசம் எதுக்கு அம்மிணி? மூணு வருசத்துல ஒரு டிகிரி வாங்கிட்டு பேங்க் பரிச்சை எழுதலாமல்லோ?" பக்கத்து வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், "பைத்தியக்கார டாக்டருக்கா படிக்கப்போறே?" என்று கேட்டுவிட்டார். தங்கை அழுதுவிட்டாள். எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

முதலில் ஒரு தெளிவு. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, மேலே மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் வேறு. மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படித்து, சோதனைகள் மூலமும் பேச்சு மூலமும் உதவுகிறவர்.

ரொம்ப காலம் உளவியல், தத்துவத்தின் வீட்டுத் திண்ணையில்தான் ஒண்டிக்கொண்டிருந்தது. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதைத்தான் தனி உளவியலின் பிறப்பு என்கிறார்கள். அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்த வழிதான் சுவாரசியம். வுண்டின் மாணவர் ஹ்யூகோ முன்ஸ்டர்பர்க் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் படித்தவர் நரேந்திரநாத் சென்குப்தா. கல்கத்தா பல்கலைக்கழகத்துக்காக 1905இலேயே பிரஜேந்திரநாத் சீல் ஒரு பாடத்திட்டம் எழுதி வைத்திருந்தார். 1916இல் அங்கே இந்தியாவின் முதல் உளவியல் துறை தொடங்கியபோது சென்குப்தா பொறுப்பேற்றார்.

அடுத்தது மைசூர், 1924. அங்கே துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசாமி லண்டனில் ஸ்பியர்மேனிடம் பயின்றவர். அந்த ஸ்பியர்மேனும் லைப்சிக்கில் வுண்டிடம் படித்தவர்தான்! ஆக, கல்கத்தா ஆனாலும் மைசூர் ஆனாலும் தாத்தா ஒருவரே :) சென்னைப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை வந்தது 1943இல். ஜி.டி. போவாஸ் அதற்குத் தலைமை ஏற்றார்.

இன்னொரு விஷயம், காமர்ஸ் நண்பர்களுக்காக. தொழில் உளவியலின் முன்னோடிகளில் ஒருவராகச் சொல்லப்படுபவர் இதே முன்ஸ்டர்பர்க். எந்த வேலைக்கு எந்த ஆள் பொருத்தம், எப்படி விளம்பரம் செய்தால் பொருள் விற்கும் என்றெல்லாம் 1913இலேயே புத்தகம் போட்டவர். நாம் மேலாண்மைப் பாடத்தில் படிப்பதற்கும் என் தங்கை படிக்கப்போவதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். அஞ்சு வருசம் எதுக்கு?

இளங்கலையையும் முதுகலையையும் சேர்ப்பது புதுசு என்று நினைக்கிறோம். இல்லை. அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவர்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, இரண்டாண்டு சாதாரண பி.ஏ. மற்றொன்று, ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கும் மூன்றாண்டு பி.ஏ. ஆனர்ஸ். ஆனர்ஸ் முடித்தவர்கள் கொஞ்ச காலம் கழித்து, தனித்தேர்வு எழுதாமலே எம்.ஏ. பட்டம் வாங்கிக்கொள்ளலாம். அதாவது ஒரே நீண்ட படிப்பு, இரண்டு பட்டம்! நம் தாத்தா காலத்தில் இருந்த ஒன்று வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உடல்நல உளவியலுக்கு இப்படி ஓர் ஐந்தாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது.

உளவியலுக்கு இந்த நீளம் அவசியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. இன்றைய நிம்ஹான்ஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1955இல் அங்கே மருத்துவ உளவியலுக்கு ஒரு பட்டயப் படிப்பு ஆரம்பித்தார்கள். அது முதுகலை முடித்தவர்களுக்கு! பின்னாளில் அதுவே எம்.பில். ஆனது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தபின், மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய அந்தக் கவுன்சிலில் பதிவு செய்வது கட்டாயமானது. விதிகள் அண்மையில் மாறி வருகின்றன என்றாலும், நீண்ட காலம் எம்.ஏ.வுக்கு மேல் எம்.பில். என்பதுதான் வழியாக இருந்தது. வெறும் மூன்றாண்டுப் பட்டத்தோடு நோயாளி முன்னால் போய் உட்கார முடியாது. சித்தப்பா சொன்ன கணக்கில் விட்டுப்போனது இதுதான்.

எனக்கும் இதில் சொந்த விஷயம் ஒன்று உண்டு. பி.காம். முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. உளவியல் படிக்கலாம் என்று ஒரு ரகசிய ஆசை வைத்திருந்தேன். 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் உள்ளிட்ட உடல்நலத் துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாக நடத்தக் கூடாது என்று அறிவித்தது. கேட்டதும் மனசு வாடித்தான் போனது. ஆனால் இந்த வரலாற்றைப் படித்தபின் கோபம் வரவில்லை. 1879இல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த பாடம் அது. ஞாயிற்றுக்கிழமை புத்தகம் புரட்டிவிட்டு, உடைந்துபோய் வந்து நிற்கும் ஒருவரிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்?

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவுல புடிக்கலைன்னா?" என்றார். நியாயமான கேள்வி. மூன்றாம் ஆண்டு முடிவில் இளங்கலைப் பட்டத்தோடு விலகும் வசதி இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. தங்கை நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பஞ்சாயத்து நடந்தால், அழவிடாமல் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மீண்டும் சந்திப்போம்.