பொது எச்சரிக்கை நெறிமுறையும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

பொது எச்சரிக்கை நெறிமுறை (காப்) என்பது அனர்த்த அறிவித்தல்களுக்கான திறந்த தரநிலை. இதன்படி ஒரு தடவை எழுதிய அறிவித்தலைக் கணினிகளே சைரன், கைபேசி, வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் கொண்டுசேர்க்கும். தரநிலைகளை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பு 2004இல் இதை ஏற்றது. 2010இல் வந்த 1.2 பதிப்பு இன்றும் புழக்கத்தில் உள்ளது.

அனுப்பிய தரப்பு, நேரம், பிரதேசம், அவசரம், கடுமை, நிச்சயம் ஆகியவை அறிவித்தலில் தனித்தனியே பதியப்படும். உண்மையா, ஒத்திகையா, சோதனையா என்பதையும், புதியதா, திருத்தமா, இரத்தா என்பதையும் குறித்தாக வேண்டும். ஒரே அறிவித்தலில் தமிழும் சிங்களமும் இடம்பெறலாம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது மட்டக்களப்பின் கல்லடி, நாவலடி மக்களுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை. அதன்பின் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய அமைப்பும் இலங்கையில் சுனாமியால் பாதிக்கப்பட்ட 32 கிராமங்களில் இந்த நெறிமுறையைப் பரீட்சித்தன. சர்வோதயத்தின் மொறட்டுவை நிலையத்திலிருந்து பயிற்சி பெற்ற ஊழியர் அனுப்ப, கிராமத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் பெற்றுக்கொண்டார். பொதுமக்களை எச்சரிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது என்பதால், இந்த அறிவித்தல்கள் அந்தப் பயிற்சி பெற்றவர்களோடு நிறுத்தப்பட்டன.

இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் 2011 முதல் இந்து சமுத்திர நாடுகளுக்கு சுனாமி அலைக் கணிப்புகளைத் தருகின்றன. வெளியேற்றும் முடிவை மட்டும் அந்தந்த நாடே எடுக்கும். இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கையைத் தீர்மானிக்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதைப் பொலிஸ், மாவட்டச் செயலகம் வழியாகப் பரப்புகிறது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் வெளியேற்றும் முடிவு மிகவும் பாரதூரமானது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இடையில் ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமான குடியிருப்பு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது கரையோர மக்கள் வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். வாவியைக் கடக்கக் கல்லடியில் அன்றிருந்தது 1924இல் கட்டிய ஒடுங்கிய இரும்புப் பாலம். புதிய பாலம் 2013இல்தான் திறக்கப்பட்டது. மண்முனையில் அப்போது பாலமே இருக்கவில்லை, படகுப் பாதைதான் இருந்தது. பேரலை வரவில்லை, எச்சரிக்கை பின்னர் நீக்கப்பட்டது. அவ்வளவு பெரிய நில அதிர்வுக்குப் பின் அந்த முடிவு நியாயமானதே. ஆனால் காரணமின்றி அலறும் சைரனும் வெளியேறும் வழிகளில் இதேபோல் நெரிசலை உண்டாக்கும் என்பதே கவலை.

அத்தகைய தவறு வேறிடத்தில் நடந்ததுண்டு. அமெரிக்காவின் ஹவாயில் 2018 ஜனவரி 13 அன்று ஏவுகணை வருவதாக ஓர் ஊழியர் தவறாக அனுப்பிய அறிவித்தலைத் திருத்த 38 நிமிடங்கள் பிடித்தன. மறுப்புச் செய்தி எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை. அதன்பின் இருவர் சேர்ந்தே அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது.

அனுப்பிய தரப்பைக் குறிப்பிடும்படி கேட்கும் இந்நெறிமுறை, அனுமதித்த அதிகாரியின் பெயரைக் கட்டாயமாக்கவில்லை. மின் கையொப்பமும் விருப்பத்துக்குரியதே. இக்குறையை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் நிரப்ப வேண்டும். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழான நடைமுறைகளில், அனுமதித்தவர் யார், எந்தக் கணிப்பை நம்பினார் என்ற பதிவு பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக இருப்பது அவசியம். நீக்கும் அறிவித்தலும் எச்சரிக்கை போன அதே வழிகளில், கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் வரை போய்ச்சேர வேண்டும்.